ரெடிமேட் பப் பேஸ்ட்ரி ஷீட்டில் குரோசான்ட்: கொழுப்பு வழிகிறது, நடுவில் வேகவில்லை, சுருள் அவிழ்கிறது

இட்லிமாவு_77

வணக்கம். ஃப்ரீசரில் விற்கும் பப் பேஸ்ட்ரி ஷீட்டை (கொழுப்பும் மாவும் அடுக்கடுக்காக இருக்கும் தயார் மாவுத் தகடு) வைத்து குரோசான்ட் (பிரெஞ்சு பேக்கரிச் சுருள்) செய்வதில் மூன்று சிக்கல். வேகும்போதே கொழுப்பு உருகி தட்டில் குளமாக நிற்கிறது. மேலே பொன்னிறம் வந்துவிடுகிறது, பிய்த்துப் பார்த்தால் நடுவில் கொழுக்கட்டை மாவு மாதிரி கொழகொழவென்று இருக்கிறது. இரண்டில் ஒன்று சுருள் அவிழ்ந்து நாக்கை நீட்டிக்கொள்கிறது.

விவரம்: ஷீட் 24 செ.மீ. சதுரம், எடை 245 கிராம். 28 லிட்டர் ஓடிஜி (மேசை மேல் வைக்கும் மின் ஓவன்), 180 டிகிரி, 20 நிமிடம். ஷீட்டை ஒரு மணி நேரம் வெளியே வைத்து இளக்கியது. உள்ளே சாக்லேட் ஸ்ப்ரெட் ஒரு டேபிள்ஸ்பூன். முட்டை சேர்ப்பதில்லை, மேலே பால் மட்டும். கடை குரோசான்ட்டை வெட்டினால் உள்ளே தேன்கூடு மாதிரி தெரியுமே, அது இந்த ஷீட்டில் வருமா?

குக்கர்விசில்

சுருட்டின பிறகு ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் மூடி வைங்க. ரெண்டு மடங்கு உப்பினதும் ஓவன்ல வைங்க. உப்ப விடாம வெச்சா நடுவுல வேகாது.

வெண்ணெய்வெட்டி

குக்கர்விசில் சொன்னது ஈஸ்ட் போட்ட மாவுக்கான முறை, இதற்குச் செய்துவிடாதீர்கள். பாக்கெட்டில் வரும் பப் பேஸ்ட்ரியில் ஈஸ்ட் கிடையாது. எத்தனை மணி நேரம் மூடி வைத்தாலும் உப்பாது; அடுக்கடுக்காக இருக்கும் கொழுப்பு இளகி மாவோடு கலந்துபோவதுதான் மிச்சம். உங்கள் தட்டில் நிற்கும் குளத்துக்கும் முதல் காரணம் அந்த ஒரு மணி நேரம்தான்.

இந்த மாவை எழுப்புவது ஆவி. மாவிலும் வெண்ணெயிலும் இருக்கும் தண்ணீர் (வெண்ணெயிலேயே சுமார் 16 சதவீதம் தண்ணீர்தான்) சூட்டில் ஆவியாகி, மாவின் ஒவ்வொரு மெல்லிய தாளையும் மேலே தள்ளும். தாள்களுக்கு நடுவே கொழுப்பு தனி அடுக்காக நின்றால்தான் அவை ஒட்டாமல் பிரியும். வெண்ணெய் 20 டிகிரியைத் தாண்டினாலே தளரும், 32 முதல் 35 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும். நம் ஊர் மதிய நேரத்து அடுக்களையே அந்தச் சூடு இருக்கும். அதனால் மாவு ஜில்லென்று இருக்கும்போதே நல்ல சூட்டில் இருக்கும் ஓவனுக்குள் போக வேண்டும். ஆவி முந்திக்கொண்டால் தாள்கள் விரிந்து, உருகும் கொழுப்பை உறிஞ்சிக்கொள்ளும். கொழுப்பு முந்திக்கொண்டால் அது தட்டுக்கு ஓடிவிடும், பிறகு தாள்களைப் பிரித்து வைக்க எதுவும் இருக்காது.

தேன்கூடு வராது. அதை எதிர்பார்த்து இறங்கினால் ஏமாற்றம்தான். குரோசான்ட் மாவை வழக்கமாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்றாக மடிப்பார்கள். 27 வெண்ணெய் அடுக்கு வரும். தாள் தடிமனாக இருப்பதால் ஈஸ்ட் விடும் காற்று அதற்குள் தங்கி அறை அறையாக உப்புகிறது. பப் பேஸ்ட்ரியின் பழைய முறை ஆறு மடிப்பு, 729 அடுக்கு. தாள் அவ்வளவு மெல்லிசு, அதில் காற்று தங்க இடமில்லை. கிடைப்பது நொறுநொறுவென்று உதிரும் ஒரு சுருள். பேக்கரி முட்டை பப்ஸின் மேல்மாவை நினைத்துக்கொள்ளுங்கள், அதன் இன்னும் நல்ல வடிவம். அதுவே போதும் என்றால் இந்த ஷீட் அருமையான பொருள்.

செய்முறைக்கு வருகிறேன். ஷீட்டை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். அவசரம் என்றால் வெளியே 15–20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஓரத்தை மெல்ல மடக்கிப் பாருங்கள். விரிசல் விட்டால் இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். விரிசல் இல்லாமல் வளைந்து, தொட்டால் ஜில்லென்று இருந்தால் சரியான பதம். விரலில் பிசுபிசுத்தால் பதம் தாண்டிவிட்டது. தட்டோடு ஃப்ரீசரில் 10 நிமிடம் வைத்துவிட்டுத் திரும்ப எடுங்கள்.

வெட்டுவது: உங்கள் 24 செ.மீ. சதுரத்தில் கீழ் ஓரத்தில் 8, 16 செ.மீ. இடங்களில் சின்னக் கீறல். மேல் ஓரத்தில் 4, 12, 20. கீழ் இடது மூலையில் தொடங்கி மேல் 4, கீழ் 8, மேல் 12, கீழ் 16, மேல் 20, கீழ் வலது மூலை என்று வளைந்து வளைந்து வெட்டுங்கள். முழு முக்கோணம் ஐந்து வரும், ஒவ்வொன்றும் 40 கிராம் சுமார். இரண்டு ஓரத்திலும் பாதி முக்கோணம் மிஞ்சும். கத்தியை இழுக்காமல் மேலிருந்து அழுத்தி வெட்டுங்கள், அல்லது பீட்சா வெட்டும் சக்கரம். மழுங்கின கத்தியால் இழுத்தால் ஓரத்தில் தாள்கள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும், அந்தப் பக்கம் மட்டும் எழும்பாமல் சரிந்து நிற்கும்.

அடிப்பக்கத்தின் நடுவில் 1 செ.மீ. கீறி, இரண்டு காலையும் லேசாக வெளியே விரித்துச் சுருட்டத் தொடங்குங்கள். முதல் சுற்று மட்டும் இறுக்கமாக, அதன்பின் தளர்வாக. கடைசி நுனியில் ஒரு பொட்டுத் தண்ணீர் தொட்டு ஒட்டி, அந்த நுனி சரியாக அடியில் வருமாறு வையுங்கள். சுருள் அவிழ்வதற்குக் காரணம் இதுதான். நுனி பக்கவாட்டில் இருந்தால் ஆவி தள்ளும்போது அதைத்தான் முதலில் தூக்கும்.

சுருட்டியதைத் தட்டில் 4 செ.மீ. இடைவெளியில் அடுக்கி ஃப்ரீசரில் 15 நிமிடம், அல்லது ஃப்ரிட்ஜில் 30. பலரும் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். கை பட்டுப் பட்டு மாவு சூடாகியிருக்கும்.

நடுவில் வேகாததற்குக் காரணம் இறுக்கமான சுருட்டலும் குறைந்த சூடும். 24 செ.மீ. நீளம் மூன்று சுற்றுக்கு மேல் வரும். ஈஸ்ட் மாவு போல உள்ளே காற்றறை இல்லாததால் நடுச்சுற்று தன் ஆவியிலேயே அவிந்து கொழகொழத்துவிடும். இப்படியே தொடர்ந்தால் ஷீட்டைக் குறுக்கே இரண்டாக வெட்டி, 12 செ.மீ. உயரம், 8 செ.மீ. அடி என்று குட்டி முக்கோணம் போடுங்கள். பத்து வரும், ஒன்று 20 கிராம். நடுவில் வேகாத பேச்சே இருக்காது.

ஓடிஜி_பித்தன்

வெண்ணெய்வெட்டி மாவைப் பத்திச் சொல்லிட்டார், நான் அடுப்பைப் பத்தி மட்டும்.

180 பத்தாது. அதுவும் ஓடிஜி டயல்ல 180னு இருந்தா உள்ள 160தான் இருக்கலாம். 20 டிகிரி முன்னப்பின்ன காட்டுறது இந்தப் பெட்டிகள்ல சாதாரணம். ஓவன் தெர்மாமீட்டர் தனியா விக்குது, கம்பித்தட்டுல தொங்கவிடுற மாதிரி. ஒண்ணு வாங்கிப் போட்டீங்கன்னா பாதிக் குழப்பம் தீரும்.

மேல் கம்பி, கீழ்க் கம்பி ரெண்டும் போட்டு 220ல 20 நிமிஷம் சூடு பண்ணுங்க. லைட் அணைஞ்சுதுன்னு உடனே வைக்காதீங்க. காத்து சூடாயிருக்கும், சுவர் சூடாயிருக்காது, கதவைத் திறந்ததும் சூடெல்லாம் வெளிய போயிடும். தட்டை நடு வரிசைல வெச்சதும் 200க்குக் குறைங்க. 15 நிமிஷம். அப்புறம் 180ல 8லேர்ந்து 10 நிமிஷம். முதல் 15 நிமிஷம் கதவைத் திறக்கவே கூடாது. ஃபேன் ஓடுற மாடலா இருந்தா எல்லாத்துலயும் 15–20 டிகிரி குறைச்சுக்கங்க. மேல சீக்கிரம் கருக்குதுன்னா கடைசி எட்டு நிமிஷத்துக்கு அலுமினியத் தாள் சும்மா மேல படுக்க வைங்க, மூடி இறுக்க வேண்டாம்.

வெந்துடுச்சான்னு மேல் நிறத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. பக்கவாட்டுல குனிஞ்சு பாருங்க. சுருளோட படிக்கட்டு படிக்கட்டா இருக்கிற மடிப்புக்கு நடுவுல வெள்ளையா ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு வெள்ளையா, ஈரமா மினுங்குச்சுன்னா உள்ள பச்சை. கோடும் வெளிர் பொன்னிறத்துக்கு வந்து காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சா எடுக்கலாம். கையில தூக்கினா எடையே இல்லாம இருக்கணும், அடிப்பக்கம் பிஸ்கட் நிறம்.

இன்னொண்ணு, பேப்பர். கடைல பட்டர் பேப்பர்னு கேட்டா சில நேரம் மெழுகு பூசின தாளைக் குடுத்துடுவாங்க. அது 200ல புகையும். பேக்கிங் பேப்பர், இல்லன்னா பார்ச்மென்ட்னு அட்டையில போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்க. தட்டுக்கு விளிம்பு இருக்கணும். கம்பித்தட்டு மேல நேரா வெச்சா வழியுற கொழுப்பு கீழ்க் கம்பில சொட்டி வீடெல்லாம் புகை. ஓடிஜியோட வர்ற கறுப்புத் தட்டு அடியைச் சீக்கிரம் கருக்கும். அப்படி ஆச்சுன்னா இன்னொரு தட்டைக் கீழ வெச்சு ரெண்டு தட்டாப் போடுங்க.

ஏர் ஃப்ரையர்ல செய்றவங்களுக்கு: 180, குட்டி சைஸ் 12 நிமிஷம் சுமார், நடுவுல ஒரு தரம் திருப்பணும். வெறும் பேப்பரைப் போட்டு சூடு பண்ணாதீங்க, பறந்து போய் கம்பில ஒட்டிக்கும். மைக்ரோவேவ்னா கன்வெக்‌ஷன் மோடு மட்டும். சாதா மைக்ரோவேவ்ல இது ஆகவே ஆகாது.

லாச்சப்பல்_குசினி

பிரான்சில இருக்கிறவைக்கும் ஒரு குறிப்பு, ஏனெண்டால் இங்க கிடைக்கிற சாமான் வேற. சூப்பர்மார்க்கெட்டில பேப்பரோட சுருட்டி விக்கிற பாத் ஃபொயெத்தே (பப் பேஸ்ட்ரிக்கு பிரெஞ்சுப் பேர்) உறைய வைச்சதில்லை, குளிர்ப்பெட்டியில இருக்கிறது. இளக விடத் தேவையில்லை. எடுத்து ஐஞ்சு நிமிசத்தில விரிக்கலாம். பெரும்பாலும் 230 கிராம், வட்டம், 32 சென்ரிமீற்றர் சுமார். வாங்கேக்க 'பூர் பேர்' எண்டு போட்டிருக்கோ எண்டு பாருங்கோ. பட்டர் மட்டும் போட்டது எண்டு அர்த்தம். அது இல்லாட்டி தாவரக் கொழுப்பு.

வட்டத்தை பீட்சா மாதிரி எட்டா வெட்டினால் ஒண்டு 29 கிராம், அடி 12 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட, உயரம் 16. சுத்து குறைவு எண்டபடியால் உள்ள வடிவா வேகும். 200இல 18 நிமிசம் காணும்.

பக்கத்திலயே டப்பாவில அடைச்ச குருவாசோன் (குரோசான்ட்) மாவும் இருக்கும். அது வேற மாவு, பாண் (பிரெட்) மாதிரி மெத்தெண்டு வரும். மேல சொன்ன கணக்கை அதுக்குப் போடாதேங்கோ.

பிறை மாதிரி வளைக்க வேணும் எண்டு கட்டாயமில்லை. பிரெஞ்சு பேக்கரிகளில பட்டர் போட்டதை நேராவும், மாகரின் போட்டதை வளைச்சும் விடுறது வழக்கம். சட்டம் ஒண்டும் இல்லை. பப் பேஸ்ட்ரியை வளைச்சால் வெளிப்பக்கத்துத் தாள் இழுபட்டு வெடிக்கும், நேரா விடுறது நல்லது. "இது உண்மையான குருவாசோனோ" எண்டு ஆரும் கேட்டால், 1830களின்ர கடைசியில ஔகுஸ்ட் சாங் பாரிசில ரிஷ்லியூ தெருவில வியன்னா பேக்கரி திறந்து வித்த கிப்ஃபெர்ல் எண்ட பிறை வடிவப் பணியாரமும் இண்டைக்கு இருக்கிற மாதிரி அடுக்கு மாவில்லை எண்டு சொல்லுங்கோ. 1683இல துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்ட நேரம் இது பிறந்தது எண்டு சொல்லுறதும் வெறும் கதைதான்.

இட்லிமாவு_77

நன்றி. இன்னும் மூன்று கேள்வி. முட்டை இல்லாமல் பளபளப்பு வருமா? சாக்லேட் ஸ்ப்ரெட் முழுக்க வழிந்துவிடுகிறதே, என்ன அளவு? என் பாக்கெட்டில் வெண்ணெய் என்றே போடவில்லை, 'எடிபிள் வெஜிடபிள் ஃபேட்' என்றிருக்கிறது. மாவுக்குள் உருக்கின வெண்ணெய் தடவிச் சுருட்டினால் வாசனை வருமா?

வெண்ணெய்வெட்டி

கடைசிக் கேள்வி முதலில். உள்ளே தடவாதீர்கள். உருகின வெண்ணெய் சுற்றுகளுக்கு நடுவே வழுக்கலாக நின்று சுருளை அவிழ்க்கும், மிச்சம் தட்டில் வழியும். ஓவனிலிருந்து எடுத்தவுடன் மேலே தடவுங்கள், ஐந்துக்கும் சேர்த்து 10 கிராம் போதும். சூட்டில் உடனே உறிஞ்சிக்கொள்ளும். வாசனையும் மூக்குக்கு நேராக வரும்.

தாவரக் கொழுப்பு ஷீட் நம் ஊர் வெயிலுக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் அடுக்கு மாவுக்கென்று செய்யும் கொழுப்பு வெண்ணெயைவிட அதிகச் சூட்டில்தான் உருகும். அதே காரணத்தால் வாயிலும் முழுக்க உருகாது. மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒரு படலம் ஒட்டும். சூடாகச் சாப்பிட்டால் தெரியாது, ஆறினால் தெரியும். வெண்ணெய் ஷீட் கிடைத்தால் விலையைப் பார்க்காமல் அதை வாங்குங்கள் என்பேன்.

பளபளப்பு: வெறும் பால் நிறம் தரும், மினுமினுப்பு தராது. ஃப்ரெஷ் க்ரீம் ஒரு டேபிள்ஸ்பூனில் பால் ஒரு டீஸ்பூன் கலந்து தடவுங்கள், முட்டைக்கு அடுத்தபடி அதுதான். இன்னும் மினுங்க வேண்டும் என்றால் வெந்து வந்ததும் தேன் ஒரு டீஸ்பூன், வெந்நீர் ஒரு டீஸ்பூன் கலந்து மெல்லத் தொட்டுத் தடவலாம். தேனை ஓவனுக்குள் போகும் முன் தடவினால் கருகும். முட்டை சேர்ப்பவர்களுக்கு: ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் பால், ஒரு சிட்டிகை உப்பு. உப்பு போட்டு ஐந்து நிமிடம் விட்டால் வெள்ளைக்கரு நூல் விடாமல் நீர்த்துவிடும், பிரஷ்ஷில் சீராக வரும். எதைத் தடவினாலும் மேல் முதுகில் மட்டும். வெட்டிய ஓரத்தில், அந்தப் படிக்கட்டு மடிப்பில் வழிந்தால் அது பசை மாதிரி தாள்களை ஒட்டிவிடும். அந்தப் பக்கம் எழும்பாது.

சாக்லேட் ஸ்ப்ரெட் ஒரு டேபிள்ஸ்பூன் மிக அதிகம். ஒரு டீஸ்பூன், அதாவது 8–10 கிராம். பேக்கிங் பேப்பரில் ஒரு டீஸ்பூன் வீதம் சொட்டு வைத்து ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் கெட்டியாக்குங்கள். அந்தக் கட்டியை அடிப்பக்கத்திலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி, இரண்டு ஓரமும் காலியாக இருக்குமாறு வைத்துச் சுருட்டுங்கள். டார்க் சாக்லேட் துண்டு இன்னும் சுலபம்.

சாக்லேட்தான் வேண்டும் என்றால் முக்கோணத்தையே விட்டுவிடுங்கள். உங்கள் ஷீட்டை 8க்கு 12 செ.மீ. செவ்வகமாக வெட்டினால் சரியாக ஆறு, ஒரு துணுக்கும் வீணில்லை. 8 செ.மீ. ஓரத்தில் ஒரு சாக்லேட் குச்சி வைத்து ஒரு மடிப்பு, அதை ஒட்டி இன்னொன்று வைத்து முழுக்கச் சுருட்டி, இணைப்பு அடியில். நடுவில் வேகாத தொல்லையும் குறையும், ஏனென்றால் இரண்டு சுற்றுதான்.

காரம் என்றால் மசாலா ஈரமில்லாமல் வதக்கி, முழுக்க ஆறவைத்து, ஃப்ரிட்ஜிலும் அரை மணி நேரம் வைத்த பிறகு. வெதுவெதுப்பான மசாலா உள்ளிருந்தே கொழுப்பை உருக்கும். உருளைக்கிழங்கு மசாலா வைத்தால் அது பிறை வடிவ வெஜ் பப்ஸ்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குக்கர்விசில்

ஈஸ்ட் இல்லைங்கறதைக் கவனிக்கலை, திருத்தினதுக்கு நன்றிங்க. முதல் நாளே சுருட்டி வெச்சு காலைல போடலாமா?

ஓடிஜி_பித்தன்

போடலாம். சுருட்டினதை மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஒரு ராத்திரி தாங்கும். அதுக்கு மேலன்னா தட்டுல இடைவெளி விட்டு ஃப்ரீசர்ல கல்லாக்கி, அப்புறம் டப்பாவுல போட்டு மூடுங்க. ஒரு மாசத்துக்குள்ள தீர்த்துடுங்க. போடும்போது இளக்க வேண்டாம், நேரா 200ல, மொத்தத்துல 4–5 நிமிஷம் கூட. ஆனா மாவு ஃபுல்லா இளகிப் பிசுபிசுத்த பிறகு சுருட்டினதைத் திரும்ப உறைய வைக்காதீங்க. வளையற பதத்துல வேலையை முடிச்சு உடனே உள்ள தள்ளணும்.

வெந்தது அன்னிக்கே சாப்பிடுறதுதான். மழைக்காலத்துல ரெண்டு மணி நேரத்துலயே நமத்துடும். 160ல 5 நிமிஷம் வெச்சா திரும்ப மொறுமொறுப்பாகும். மைக்ரோவேவ்ல சூடு பண்ணினா தோல் மாதிரி இழுக்கும்.

இட்லிமாவு_77

ஓரத்தில் மிஞ்சும் இரண்டு பாதி முக்கோணம்?

லாச்சப்பல்_குசினி

உருண்டை பிடிக்காதேங்கோ, அடுக்கு போயிடும். ரெண்டின்ர நீள ஓரத்தையும் தண்ணி தொட்டு ஒட்டினால் ஆறாவது குருவாசோன். இல்லாட்டி ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி, விரலகலத்துக்கு வெட்டி, சீனியும் கறுவாத்தூளும் (பட்டைத்தூள்) தூவி முறுக்கி, குருவாசோன் வெந்து வந்தாப் பிறகு தனியா வையுங்கோ. 12 நிமிசத்தில எடுக்க வேணும், இல்லாட்டி சீனி கருகும்.